நார்தம்பர்லாந்து போகிறீர்களா? முதலில் ஓத அட்டவணையைப் பாருங்கள்

லண்டனிலிருந்து எடின்பரோ போகும் ரயிலில், நியூகாசில் தாண்டியபின் வலப்பக்க ஜன்னலில் கொஞ்ச நேரம் கடல் வரும். வயல், அதற்கப்பால் மணல், அதற்கப்பால் வட கடல், தூரத்தில் ஒரு கோட்டை. நம்மவர்களில் பலர் நார்தம்பர்லாந்தைப் பார்ப்பது இந்த ஜன்னல் வழியாக மட்டும்தான். லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, லேக் டிஸ்ட்ரிக்ட், எடின்பரோ என்று போடும் பட்டியலில் இந்தப் பெயர் வருவதே இல்லை. ஸ்காட்லாந்து எல்லையை ஒட்டிய இங்கிலாந்தின் வடகோடிக் கவுண்டி இது. ஆள் குறைவு, ஆடு அதிகம். கடற்கரை, மேய்ச்சல் மலைகள், ரோமானியர் கட்டிய எல்லைச்சுவர், வழிநெடுகக் கோட்டைகள் எல்லாம் இந்த ஒரு கவுண்டிக்குள் இருக்கின்றன.

முதல்முறை போகிறவர்களுக்காக, எதை முதலில் செய்வது, எதைப் பிறகு செய்வது என்ற வரிசையில் எழுதுகிறேன். இந்த ஊருக்கு வரிசை முக்கியம். மற்ற இடங்களில் தங்குமிடத்தை முடிவு செய்துவிட்டு மற்றதை யோசிக்கலாம். இங்கே கடலின் நேரத்தைப் பார்த்துவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

பஃபின் பறவை பார்க்க ஆசை என்றால் மே முதல் ஜூலை நடுப்பகுதி வரை. ஏப்ரலில் கரைக்கு எதிரேயுள்ள ஃபார்ன் தீவுகளுக்கு வந்து கூடுகட்டும் பஃபின்கள் ஜூலை முடிவதற்குள் கடலுக்குத் திரும்பிவிடும். ஆகஸ்டில் பள்ளி விடுமுறைக்குக் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பஃபினுக்காகவே போனால் ஏமாற்றம்தான். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணியளவில்தான் சூரியன் மறையும். ஒரே நாளில் நிறைய பார்க்கலாம். டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும்.

இலையுதிர் காலத்துக்கும் ஒரு காரணம் உண்டு. ஃபார்ன் தீவுகளில் சாம்பல் நிறக் கடல்நாய்கள் குட்டி போடும் பருவம் அது. நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்குக் குளிர்காலமே நல்லது. இங்குள்ள தேசியப் பூங்காவும் அதை ஒட்டிய கீல்டர் காடும் சேர்ந்து 2013-ல் பன்னாட்டு 'இருள்வானப் பூங்கா' என்ற அங்கீகாரம் பெற்றன. கோடையில் இங்கே வானம் முழுதாக இருட்டாது. ஆகவே பஃபினும் பால்வீதியும் ஒரே பயணத்தில் கிடைக்காது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

2. ஓத அட்டவணையை எடுத்து வையுங்கள்

இதில் நிதானமாக இருங்கள். சென்னைக் கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு ஓதம் என்பது அலை கொஞ்சம் மேலே ஏறி இறங்குவது, அவ்வளவுதான். அங்கே ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஒரு மீட்டர். நார்தம்பர்லாந்துக் கரையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது நாலு மீட்டரைத் தாண்டும். காலையில் கார் ஓடிய தார்ச்சாலை மதியம் கடலுக்கடியில் இருக்கும்.

அந்தச் சாலை லிண்டிஸ்ஃபார்ன் என்ற புனிதத் தீவுக்குப் போவது. பீல் என்ற சிற்றூரில் ஏ1 நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து, சேற்று மணலின் மேல் தீவுக்கு ஓடுகிறது. 1954-ல் திறந்தார்கள். நாளுக்கு இருமுறை கடல் ஏறி அதை மூடுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஐந்து மணி நேரம் வழி அடைபட்டிருக்கும். இந்த நேரம் நாளுக்கு ஐம்பது நிமிடம்போல் தள்ளிக்கொண்டே போகும். அதனால் சென்ற வாரம் போய்வந்த நண்பர் சொன்ன நேரம் உங்களுக்கு உதவாது.

நார்தம்பர்லாந்து கவுண்டி கவுன்சில் தன் இணையதளத்தில் 'பாதுகாப்பாகக் கடக்கும் நேரங்கள்' என்று ஒவ்வொரு நாளுக்கும் பட்டியல் போட்டிருக்கிறது. நீங்கள் போக நினைக்கும் வாரத்தின் பட்டியலை எடுத்து, பகலில் நாலைந்து மணி நேரமாவது தொடர்ந்து வழி திறந்திருக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அது தீவு நாள். மற்ற நாட்களை அதைச் சுற்றி அடுக்குங்கள். தங்குமிடம் பதிவு செய்வது இதற்குப் பிறகுதான்.

அந்த நேரங்களை ஐந்து நிமிடம்கூட நீட்டாதீர்கள். சாலையில் தண்ணீர் லேசாகப் படர்ந்திருக்கும்போது, முன்னால் ஒரு வண்டி போகிறதே என்று இறங்குகிறவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். வருடந்தோறும் கார்கள் மூழ்குகின்றன. பக்கத்துக் கடற்கரை ஊரான சீஹௌசஸிலிருந்து உயிர்காப்புப் படகு வந்து ஆட்களை மீட்கிறது. அந்தச் சாலையில் வரும் பாலத்தருகே கம்பங்கள்மேல் ஒரு சிறிய மரக்குடில் நிற்கும். அது காட்சிக்காக வைத்ததல்ல. மாட்டிக்கொண்டவர்கள் ஏறி உட்காரும் இடம். மாட்டிக்கொண்டால் காரை மறந்துவிட்டு அதில் ஏறி, 999-ஐ அழைத்துக் கடலோரக் காவலைக் கேளுங்கள்.

3. போய்ச் சேரும் வழி

லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து நியூகாசிலுக்கு ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். சில ரயில்கள் அல்ன்மவுத்திலும், பல ரயில்கள் எல்லை ஊரான பெரிக்கிலும் நிற்கும். முன்கூட்டியே எடுத்தால் சீட்டு மலிவு. ஊரிலிருந்து வரும் அப்பா, அம்மாவை நேரே இங்கே கூட்டிவர நினைத்தால், சென்னையிலிருந்து துபாய் வழியாக நியூகாசிலிலேயே விமானம் இறங்கலாம். லண்டனில் இறங்கி அலைய வேண்டாம்.

கார் இல்லாமலும் சமாளிக்கலாம். நியூகாசிலிலிருந்து ஆனிக், சீஹௌசஸ், பாம்பரோ என்று கடற்கரை ஊர்களைத் தொட்டுப் பெரிக் வரை போகும் எக்ஸ்18 பேருந்து மெதுவாகப் போனாலும் மேல்தட்டில் உட்கார்ந்தால் அதுவே ஒரு சுற்றுலா. இங்கிலாந்தில் பேருந்துக் கட்டணத்துக்கு 2025 முதல் ஒரு வழிக்கு 3 பவுண்டு என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். கடைசிப் பேருந்து சீக்கிரமே போய்விடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். (பலகையில் அல்ன்விக் என்று எழுத்துக்கூட்டியிருக்கும் ஊர்தான் ஆனிக். ஓட்டுநரிடம் ஆனிக் என்றே கேளுங்கள்.)

குடும்பமாகப் போகிறவர்களுக்குக் கார்தான் வசதி. இந்திய ஓட்டுநர் உரிமம் இருந்தால் வந்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதம் வரை பிரிட்டனில் ஓட்டலாம், இங்கும் இடதுபக்கம்தான். மார்ப்பெத்துக்கு வடக்கே ஏ1 பல இடங்களில் ஒற்றைச் சாலையாகக் குறுகிவிடும். டிராக்டருக்குப் பின்னால் மாட்டினால் பொறுமையாகப் போங்கள். உள்நாட்டுப் பகுதியில் பெட்ரோல் பங்கும் குறைவு, போன் சிக்னலும் குறைவு. வரைபடத்தை முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

4. இரண்டு ஊரில் தங்குங்கள்

கடற்கரையும் ரோமானியச் சுவரும் வெவ்வேறு திசையில் இருக்கின்றன. ஒரே இடத்தில் தங்கி இரண்டையும் பார்க்க நினைத்தால் பாதி நாள் சாலையில் போய்விடும். கடற்கரைக்கு ஆனிக் அல்லது சீஹௌசஸில் இரண்டு, மூன்று இரவு. சுவருக்கு ஹெக்ஸமில் ஒன்றிரண்டு இரவு. ஹெக்ஸமுக்கு நியூகாசில்–கார்லைல் ரயில் பாதையில் நேராகப் போகலாம்.

சமையலறை உள்ள குடிலாக எடுப்பது நம்மவர்களுக்கு நல்லது. ஆனிக்கில் பெரிய கடைகள் இருக்கின்றன. சாம்பார்ப் பொடியும் புளியும் மட்டும் கையோடு கொண்டுபோங்கள்.

5. தீவு நாள்

வழி திறந்தவுடன் போங்கள். கூட்டம் பின்னால்தான் வரும். ஊர் நுழைவிலேயே கட்டண வாகன நிறுத்தம் உண்டு. அங்கே வண்டியை விட்டுவிட்டு நடந்தால் எல்லாமே பக்கம்.

635-ல் எய்டன் என்ற துறவி இங்கே மடம் அமைத்தார். பின்னால் இதே மடத்தில் இருந்த கத்பர்ட் வட இங்கிலாந்தின் பெரும் புனிதரானார். 700-ஐ ஒட்டி இங்கே எழுதி வண்ணம் தீட்டிய லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்தி ஏடு இப்போது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 793-ல் வைக்கிங்குகள் கடல்வழியே வந்து மடத்தைச் சூறையாடினார்கள். ஐரோப்பா முழுக்க அதிர்ந்த செய்தி அது. இன்று நீங்கள் பார்க்கும் செங்கற்கல் நிறச் சிதைவு அந்த மடமல்ல, அதற்குப் பிறகு நார்மன் காலத்தில் கட்டியது. உத்தரமெல்லாம் விழுந்தும் ஒரே ஒரு குறுக்கு வளைவு மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதன் கீழே நின்று அண்ணாந்து பாருங்கள்.

அங்கிருந்து கோட்டைக்கு ஒரு மைல் நடை. பழைய மீன்பிடிப் படகுகளைக் கவிழ்த்துப் போட்டுக் கொட்டகையாக்கியிருப்பதை வழியில் காணலாம். கோட்டை பதினாறாம் நூற்றாண்டுக்காரது. ஆனால் உள்ளே பார்ப்பது 1900-களின் தொடக்கத்தில் ஒரு பத்திரிகை முதலாளிக்காக அதை வீடாக மாற்றிய எட்வின் லட்யன்ஸின் கைவண்ணம். ஆமாம், புது டெல்லியைக் கட்டிய அதே லட்யன்ஸ். டெல்லியின் அகன்ற வீதிகளைப் பார்த்தவர்களுக்கு இந்தக் குறுகலான நடைகளும் சின்ன அறைகளும் வியப்பாக இருக்கும். எனக்கு இந்த லட்யன்ஸைத்தான் கூடுதலாகப் பிடிக்கிறது.

கார் இல்லாமல் போகிறவர்களுக்குப் பெரிக்கிலிருந்து 477 பேருந்து உண்டு. கடல் நேரத்தை ஒட்டி அதன் நேரமும் மாறும். ஓடாத நாட்களும் உண்டு. மணலில் நடப்பட்ட கம்பங்களை ஒட்டி மூன்று மைல் நடந்தே தீவுக்குப் போகும் பழைய யாத்திரை வழியும் இருக்கிறது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கும்போது மட்டுமே இதில் காலெடுத்து வைக்க வேண்டும், ஏறத் தொடங்கிய பிறகு கூடவே கூடாது. முதல் பயணத்திலேயே குழந்தைகளோடு இதை முயல வேண்டாம் என்பது என் கருத்து.

6. படகு நாள்: பயணத்தின் தொடக்கத்தில் வையுங்கள்

ஃபார்ன் தீவுகளுக்குச் சீஹௌசஸ் துறையிலிருந்து படகு. காற்று கொஞ்சம் பலமாக அடித்தாலும் ரத்து செய்துவிடுவார்கள். கடைசி நாளுக்கு வைத்திருந்தால் அதோடு போச்சு. முதல் நாளுக்கோ இரண்டாம் நாளுக்கோ பதிவு செய்தால், ரத்தானாலும் இன்னொரு நாள் கையில் இருக்கும்.

தீவில் இறங்கும் படகா, சுற்றிக் காட்டிவிட்டுத் திரும்பும் படகா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். அந்தத் தீவுகளில் ஒன்றான இன்னர் ஃபார்னில் இறங்க, அதைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அறக்கட்டளைக்குத் தனிக் கட்டணம்; உறுப்பினருக்கு இலவசம். பறவைக் காய்ச்சலால் தீவில் இறங்குவதையே 2022-ல் நிறுத்தி, 2024-ல்தான் மறுபடி அனுமதித்தார்கள். ஆகவே அந்தந்த வருட நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது. தொப்பி கட்டாயம். பாதையோரத்திலேயே முட்டையிடும் ஆர்க்டிக் ஆலாக்கள் நேரே தலையில் வந்து கொத்தும். இரத்தம் வருமளவு கொத்தும். குழந்தைகள் முதலில் அலறுவார்கள், பிறகு அதைத்தான் வருடம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து இதே தீவுக் கூட்டத்தில் நிற்கும் லாங்ஸ்டோன் கலங்கரை விளக்கம். 1838 செப்டம்பர் 7-ஆம் தேதி விடியலில், 'ஃபார்ஃபர்ஷயர்' என்ற நீராவிக் கப்பல் பாறையில் மோதி உடைந்து கிடப்பதைக் கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கிரேஸ் டார்லிங் ஜன்னலிலிருந்து பார்த்தார். வயது 22. அப்பாவோடு துடுப்புப் படகில் கொந்தளிப்புக்குள் போய் உயிர்பிழைத்தவர்களை மீட்டார். நாடே கொண்டாடிய அந்தப் பெண் நான்கே ஆண்டில் காசநோயில் இறந்துபோனார். பாம்பரோ ஊரில் அவருக்கென ஒரு சிறிய அருங்காட்சியகம் இருக்கிறது, இலவசம். ஊர்த் தலைமேல் நிற்கும் பாம்பரோ கோட்டைக்குள் சீட்டு வாங்கிப் போகலாம். ஆனால் அதன் அழகெல்லாம் கீழே மணலில் நின்று பார்க்கும்போதுதான். நேரமோ பணமோ குறைவாக இருந்தால் உள்ளே போவதை விட்டுவிடுங்கள்.

7. கிராஸ்டரிலிருந்து ஒரு நடை

கிராஸ்டர் என்ற மீனவ ஊரில் வண்டியை நிறுத்தி, ஆடு மேயும் புல்வெளி வழியே கடலோரமாக ஒன்றரை மைல் போல நடந்தால் டன்ஸ்டன்பரோ கோட்டை. 1313-ல் தொடங்கிய கட்டடம். அருகே சாலை கிடையாது. நடந்துதான் போக வேண்டும். மேடு பள்ளம் அதிகமில்லை. வழியில் வரும் கதவுகளைத் திறந்தால் மூடிவிட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் பசுக்களைச் சுற்றிப் போங்கள். நம்மூர்ப் பசு மாதிரி தடவிக்கொடுக்கப் போக வேண்டாம்.

பக்கத்திலேயே ஹோவிக் மாளிகை, தேநீருக்குப் பெயர் கொடுத்த எர்ல் கிரேயின் வீடு. அந்த ஊர்க் கிணற்று நீரின் சுண்ணாம்புச் சுவைக்கு ஈடாகத்தான் அந்தத் தேயிலையைக் கலந்தார்கள் என்று மாளிகையில் கதை சொல்வார்கள். அவர் பிரதமராக இருந்தபோதுதான், 1833-ல், அடிமைமுறை ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. அதன்பின் மொரீஷியஸ் கரும்புத் தோட்டங்களில் ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். தோட்டத்தில் தேநீர் குடிக்கும்போது இதுவும் எனக்கு நினைவுக்கு வரும்.

8. ரோமானியச் சுவர்

பேரரசர் ஹேட்ரியன் காலத்தில், கி.பி. 122-ல் தொடங்கி, பிரிட்டன் தீவின் கிழக்கிலிருந்து மேற்கு வரை 73 மைல் கட்டினார்கள். முழுவதையும் நடக்கத் தனிப் பாதை இருக்கிறது. புதியவர்களுக்கு வேண்டியது நடுப்பகுதி மட்டும். ஸ்டீல் ரிக் வாகன நிறுத்தத்தில் தொடங்கி ஹவுஸ்டெட்ஸ் கோட்டை வரை மூன்று மைல் போல, பாறை விளிம்பில் ஏறி இறங்கும் நடை. மூட்டுவலி உள்ளவர்கள் நேரே ஹவுஸ்டெட்ஸுக்கே வண்டியில் போய்விடலாம். நடுவில் வரும் பள்ளத்தில் நின்ற, படங்களில் புகழ்பெற்ற சிக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் இரவோடிரவாக இருவர் அறுத்துத் தள்ளினார்கள், சிறைக்கும் போனார்கள். அடிமரத்திலிருந்து அடுத்த ஆண்டே துளிர் வந்தது.

ஒரே ஒரு இடம்தான் பார்க்க முடியும் என்றால் விண்டோலாண்டாவைச் சொல்வேன். சுவருக்கும் முந்தைய படைமுகாம். காற்றுப் புகாத ஈரமண்ணில் ஆயிரக்கணக்கான தோல் செருப்புகள் அழுகாமல் கிடைத்திருக்கின்றன. 1973-ல் மெல்லிய மரத்தகடுகள் கிடைத்தன. நம் ஓலைச்சுவடி போல, ஆனால் மையால் எழுதியவை. ஒரு படைத்தலைவரின் மனைவி இன்னொரு தலைவரின் மனைவியைத் தன் பிறந்தநாளுக்கு வரச்சொல்லி, ஏறக்குறைய கி.பி. 100-ல் எழுதிய அழைப்பு அதில் ஒன்று. இன்னொன்றில், காலுறையும் உள்ளாடையும் அனுப்பியிருப்பதாக எழுதியிருக்கிறது. குளிர் எப்போதும் இங்கே குளிர்தான் போல. தகடுகளில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்தாலும் சில இங்கேயே காட்சியில் உள்ளன. கோடையில் போனால் அகழாய்வு நடப்பதையும் வேலியருகே நின்று பார்க்கலாம்.

கார் இல்லாதவர்களுக்கு ஹெக்ஸமிலிருந்து ஏடி122 என்ற பேருந்து, கோடைப் பருவத்தில்.

9. வாலிங்டன்: சென்னைக்காரர்கள் விட வேண்டாம்

கடற்கரையிலிருந்து ஹெக்ஸமுக்கு மாறும் நாளில் வழியிலேயே வரும். டிரெவெல்யன் குடும்பத்து மாளிகை. 1859-ல் சென்னை மாகாண ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், கல்கத்தா அரசு கொண்டுவந்த வருமான வரியைப் பகிரங்கமாக எதிர்த்ததால் மறு ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த மக்கள் பூங்கா அவர் காலத்தில் உருவானது. அதற்கு முன் லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு அயர்லாந்துப் பஞ்சத்துக்கு நிவாரணம் கொடுப்பதில் கைச்சுருக்கம் காட்டியவரும் இவரே; ஐரிஷ்காரர்கள் இன்றும் மன்னிக்கவில்லை. பேரன் சார்லஸ் பிலிப்ஸ் டிரெவெல்யன் தொழிற்கட்சி அரசியல்வாதி. சொத்தை 1941-ல் நேஷனல் டிரஸ்டுக்கே கொடுத்துவிட்டார். வீட்டின் நடுக்கூடத்தில் நார்தம்பர்லாந்தின் வரலாற்றைச் சுவர்முழுக்க ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அதற்கு அரைமணி ஒதுக்குங்கள்.

10. சீட்டுக் கணக்கு

பழைய இடங்களைப் பராமரிக்கும் அமைப்புகள் இரண்டு: நேஷனல் டிரஸ்ட் வேறு, இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் வேறு. லிண்டிஸ்ஃபார்ன் கோட்டை, வாலிங்டன், கிராக்சைடு மாளிகை ஆகியவை முன்னது. தீவிலுள்ள மடம், வார்க்வொர்த் கோட்டை பின்னது. ஹவுஸ்டெட்ஸிலும் டன்ஸ்டன்பரோவிலும் இரண்டு உறுப்பினர்களுக்கும் இலவசம். ஆனிக் கோட்டை, பாம்பரோ, விண்டோலாண்டாவுக்கு இரண்டு அட்டையும் செல்லாது. இங்கிலாந்தில் வசிப்பவர்களுக்கு ஆண்டு உறுப்பினராவதே லாபம். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இங்கிலிஷ் ஹெரிட்டேஜ் 9 நாள், 16 நாள் சீட்டு விற்கிறது.

11. உடையும் எச்சரிக்கையும்

ஜூலையிலும் மேலங்கி வேண்டும். உள்நாட்டில் வெயிலடிக்கும்போதே கடற்கரையில் மூடுபனி இறங்கும். அப்போது காரில் பத்து மைல் மேற்கே போனால் போதும், வெயில் கிடைக்கும். தேசியப் பூங்காவின் ஒரு பகுதி ஆட்டர்பர்ன் இராணுவப் பயிற்சிக் களம். சிவப்புக் கொடி பறந்தால் உண்மையான குண்டு சுடுகிறார்கள் என்று பொருள்; உள்ளே போகாதீர்கள்.

12. சாப்பாடு

பப்புகளில் இரவு எட்டரை, ஒன்பதுக்குமேல் சமையல் நிறுத்திவிடுவார்கள். தீவில் கடல் நேரத்தை ஒட்டிக் கடைகளே மூடிவிடும். சீஹௌசஸில் மீனும் சிப்ஸும் நன்றாக இருக்கும். ஆனால் வட இங்கிலாந்தில் பல கடைகளில் மாட்டுக்கொழுப்பில்தான் பொரிக்கிறார்கள். சைவக்காரர்களும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களும் வெறும் உருளைக்கிழங்கு சிப்ஸ் தானே என்று வாங்கிவிடாமல், எந்த எண்ணெய் என்று முதலில் கேளுங்கள். கேட்பதில் தவறில்லை, அவர்களுக்கும் பழக்கமான கேள்விதான்.

அசைவக்காரர்களுக்குக் கிராஸ்டரில் கிப்பர். ஹெரிங் மீனைப் பிளந்து, ஓக் மரத்தூள் புகையில் பல மணி நேரம் தொங்கவிட்டு எடுப்பது. கருவாடு சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அறிமுகமே தேவையில்லை. சூடான சோற்றோடு அருமை. வாங்கிக்கொண்டு ரயிலேறினால் லண்டன் வரும்வரை பெட்டி முழுக்க மணக்கும். புகைக்கூடத்திலேயே தபாலில் அனுப்பிவைக்கும் வசதி இருக்கிறது. பணத்தைக் கட்டி முகவரியைக் கொடுத்துவிட்டுக் கையை வீசிக்கொண்டு போங்கள்.